கடைக்கே வராத கம்ப்யூட்டர் கார்டு: விலை 12 லட்சம் ரூபாய்!

காயலாங்கடைச் சரக்குக்கு அமெரிக்காவில் அடிதடி கிராக்கி

ஒரு அடி நீளத்தில் ஒரு கார்டு. அதில் வரிசையாக நான்கு சிப்பு. ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஒரு குட்டி மின்விசிறி. கரண்ட் கொடுக்க வெளியே தனியாக ஒரு பெட்டி. கம்ப்யூட்டரில் மாட்டினால் 2000-மாவது வருஷத்து வீடியோ விளையாட்டுகள் ஓடும். இன்றைக்கு வருகிற விளையாட்டு ஒன்றுகூட ஓடாது.

இப்படிப்பட்ட ஒரு பழைய கார்டு 2023-ம் ஆண்டு "இபே" ஏலத்தில் 15 ஆயிரம் டாலருக்குப் போனது. நம் ஊர்க் கணக்கில் 12 லட்சம் ரூபாய்க்கும் மேல்! அந்தப் பணத்துக்கு ஷோரூமில் இருந்து புதுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. இந்தக் கார்டு எந்தக் கடையிலும் ஒரு நாள்கூட விற்பனைக்கு வந்தது கிடையாது. வேலை செய்யும்போது திடீர் திடீரென்று நின்றுபோகும் வியாதியும் உண்டு. செய்த கம்பெனியோ திவாலாகி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கார்டின் பெயர் "வூடூ 5 6000". செய்த கம்பெனி "3டிஎப்எக்ஸ்". இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூன்று என்ஜினீயர்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஜோஸ் என்று ஒரு நகரம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்த இடம். 1994-ல் அங்கே ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் என்ற 3 பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மூவருமே அதற்கு முன் "சிலிக்கான் கிராபிக்ஸ்" என்ற பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சினிமா தந்திரக் காட்சிகளுக்கும் விமான ஓட்டிகளின் பயிற்சிக்கும் ஆயிரக்கணக்கான டாலர் விலையில் ராட்சத கம்ப்யூட்டர் செய்து கொடுத்த கம்பெனி அது.

"அந்த ராட்சதன் செய்கிற வேலையை 300 டாலர் கார்டு ஒன்றில் அடக்க முடியுமா?" இதுதான் மூவரும் போட்ட கணக்கு.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிய விளையாட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவர் அருகே போனால் சுவர் கட்டம் கட்டமாக உடையும். படம் தத்தித் தத்தி நகரும். காரணம், எல்லா வேலையையும் மெயின் சிப்பு ஒன்றே தலையில் போட்டுக்கொண்டு செய்தது. சுவரை முக்கோணம் முக்கோணமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் வண்ணம் பூச வேண்டும். செங்கல், மரம், புல் போன்ற படங்களை அதன்மேல் ஒட்ட வேண்டும். இதை வினாடிக்கு 30 தடவை செய்ய வேண்டும். பாவம், எத்தனை வேலைதான் செய்யும்?

வண்ணம் பூசுவது, படம் ஒட்டுவது இரண்டையும் தனிச் சிப்புகளிடம் விட்டுவிட்டார்கள் இந்த 3 பேரும். 1996-ல் மெமரி சிப்பு விலை மளமளவென்று சரிந்தது. அதிர்ஷ்டம் வாசலில் வந்து நின்றது. "வூடூ கிராபிக்ஸ்" என்ற முதல் சிப்பு அந்த வருஷமே கார்டாக வந்தது. வூடூ என்றால் அமெரிக்க வழக்கில் மாய மந்திரம். பெயர் பொருத்தம்தான்!

காதில் விழும் "டிக்"

இந்த முதல் கார்டு தனியாக வேலை செய்யாது. சாதாரணப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் ஏற்கனவே உள்ள கார்டு வேண்டும். அதிலிருந்து ஒரு வயர் வூடூவுக்கு வரும். வூடூவிலிருந்து இன்னொரு வயர் டி.வி. பெட்டி போன்ற மானிட்டருக்குப் போகும். விளையாட்டு தொடங்கியதும் வூடூ குறுக்கே புகுந்து படத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

"ஆர்ச்சிட்" என்ற கம்பெனி இந்தச் சிப்பை வைத்து "ரைட்டியஸ் 3டி" என்ற கார்டை 1996-ல் 299 டாலருக்கு விற்றது. அதில் வயர் மாற்றுவதற்கு ரிலே பொருத்தியிருந்தார்கள். வீட்டு ஸ்டெபிலைசரில் கேட்குமே, அதே மாதிரி. விளையாட்டு ஆரம்பிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். அடுத்த வினாடி படம் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

அந்த "டிக்" சத்தத்துக்காகவே இன்று அந்தக் கார்டைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். கிராமபோன் ஊசி விழும் கரகர சத்தத்துக்காகப் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் இல்லையா?

1996-ல் வெளியான "குவேக்" என்ற சுடும் விளையாட்டு, 1997 ஜனவரியில் இந்த மாதிரி கார்டுகளுக்கென்று புது உருவத்தில் வந்தது. "டூம் ரெய்டர்" விளையாட்டும் வூடூவுக்கு ஏற்ற வடிவில் கிடைத்தது. ஒரு தடவை நண்பன் வீட்டில் பார்த்த வாலிபன், மறுநாள் அப்பாவிடம் காசு கேட்டு நச்சரித்தான். அதுதான் 3டிஎப்எக்சின் விளம்பரம்.

1998-ல் "வூடூ 2" வந்தது. அதில் இன்னொரு குறும்பு. ஒரே மாதிரி 2 கார்டு வாங்கி, நடுவில் ஒரு சின்ன வயரால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு கார்டும் இரட்டைப்படைக் கோடுகளை மற்றதும் வரையும். இதற்கு "எஸ்.எல்.ஐ." என்று பெயர். பணம் உள்ளவன் இரண்டு வாங்கினான். இல்லாதவன் ஒன்றோடு நின்று, அடுத்த வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அன்றைக்குப் பெருமூச்சு விட்ட பையனுக்கு இன்று வயது 40-க்கு மேல். கையில் சம்பளம் இருக்கிறது. கார்டு விலை ஏன் ஏறுகிறது என்பதில் பாதி மர்மம் இங்கேயே உடைந்துவிட்டது.

பூட்டும் சாவியும்

மீதிப் பாதி மர்மம் "கிளைடு" என்ற ஒரு மொழியில் இருக்கிறது.

விளையாட்டு எழுதுகிறவர்கள் கார்டோடு பேசுவதற்கு ஒரு மொழி வேண்டும். 3டிஎப்எக்ஸ் தன் சிப்புக்கென்றே "கிளைடு" மொழியை உண்டாக்கியது. வேறு கம்பெனிச் சிப்புக்கு அந்த மொழி புரியாது. 1990-களின் கடைசியில் ஏகப்பட்ட விளையாட்டுகள் இந்த மொழியில் எழுதப்பட்டன. 1998-ல் வந்த "அன்ரியல்" கிளைடு மொழியில் ஓடியபோது பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

வியாபார தந்திரம் என்று பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். ஆனால் கம்பெனி செத்தபின் என்ன ஆச்சு? பூட்டு உலகம் பூரா இருக்கிறது. சாவி செய்கிற ஆள் இல்லை! அந்த விளையாட்டுகளை அன்று எப்படித் தெரிந்ததோ அதே மாதிரி பார்க்க வேண்டுமானால் பழைய வூடூ கார்டுதான் கதி. புதுக் கம்ப்யூட்டரில் கிளைடு மாதிரி நடிக்கிற புரோகிராம்கள் இப்போது உண்டு. நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் "வண்ணம் அந்த மாதிரி இல்லை. நிழல் அந்த மாதிரி இல்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள் பழம் பிரியர்கள். பழைய கார்டு 16 பிட் வண்ணத்தைக் குழைத்துக் காட்டும் விதமே தனி.

தன் தலையில் தானே...

ராஜாவாக இருந்த கம்பெனி எப்படி விழுந்தது? இதில் கோர்ட்டு உண்டு, கோபம் உண்டு, துரோகப் பேச்சும் உண்டு.

முதல் அடி 1997-ல். ஜப்பானின் "சேகா" கம்பெனி தன் புது விளையாட்டுப் பெட்டிக்கு 3டிஎப்எக்ஸ் சிப்பைப் போடுவதாக இருந்தது. அதே சமயம் 3டிஎப்எக்ஸ் பங்கு வெளியிட்டது. பங்கு வெளியிடும் கம்பெனி தன் ஒப்பந்தங்களை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சொன்னார்கள். ரகசியமாக வைத்திருந்த புதுப் பெட்டி விஷயம் வெளியே வந்துவிட்டது. சேகா வேறு சிப்புக்குப் போய்விட்டது. 3டிஎப்எக்ஸ் வழக்குப் போட்டது. பிறகு சமரசம் ஆனது.

இரண்டாவது அடி, தானே தேடிக்கொண்டது. அதுவரை 3டிஎப்எக்ஸ் சிப்பு மட்டும் செய்து விற்கும். டயமண்ட், கிரியேட்டிவ் போன்ற கம்பெனிகள் அதை வாங்கிக் கார்டு செய்து விற்கும். 1998 டிசம்பரில் ஒரு அறிவிப்பு: டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த "எஸ்.டி.பி." என்ற கார்டு கம்பெனியை 3டிஎப்எக்ஸ் வாங்குகிறது! அதற்கு மெக்சிகோ நாட்டின் ஹுவாரெஸ் நகரில் தொழிற்சாலை. இனிமேல் கார்டும் நாமே செய்வோம், லாபம் முழுக்க நமக்கே என்று நினைத்தார்கள்.

"அப்படியா சேதி?" என்றார்கள் நேற்றுவரை சிப்பு வாங்கியவர்கள். போட்டியாளரான "என்விடியா" பக்கம் போனார்கள். தினமும் வந்த வாடிக்கையாளர் எதிர்க் கடையில் போய் நிற்க ஆரம்பித்துவிட்டார். புதிதாகக் கைக்கு வந்த தொழிற்சாலையைக் கட்டி மேய்க்கவும் தெரியவில்லை.

என்விடியாவோ சும்மா இருக்கவில்லை. 1999 கடைசியில் "ஜீபோர்ஸ் 256" என்ற கார்டுக்கான சிப்பை இறக்கியது. முக்கோணங்களைக் கணக்குப் போடும் வேலையையும் அந்தச் சிப்பே செய்தது. 3டிஎப்எக்சிடம் அது இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் "ஜீபோர்ஸ் 2". ஓட்டப் பந்தயத்தில் 3டிஎப்எக்சுக்கு மூச்சு வாங்கியது.

நாலு தலை பூதம்

அந்த நேரத்தில் 3டிஎப்எக்ஸ் கையில் எடுத்த கடைசி ஆயுதம்தான் "வி.எஸ்.ஏ. 100" என்ற சிப்பு. 1999 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கம்ப்யூட்டர் கண்காட்சியில் இந்தச் சிப்புக் கார்டுகளை அறிவித்தார்கள். ஒரு சிப்பு வைத்தது "வூடூ 4". இரண்டு வைத்தது "வூடூ 5 5500". நான்கு வைத்தது "வூடூ 5 6000". ஒரு சிப்பு பத்தாது என்றால் நான்கைப் போடு! யோசனை அவ்வளவுதான். நான்கு சிப்புக்கும் சேர்த்து 128 மெகாபைட் மெமரி. அந்தக் காலத்தில் பல வீட்டுக் கம்ப்யூட்டரின் மொத்த மெமரியே அதில் பாதிதான்.

மதர்போர்டில் கார்டு மாட்டும் இடம் இவ்வளவு கரண்ட் தராது. ஆகவே சுவர் பிளக்கில் மாட்டும் தனிப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதற்கு "வூடூ வோல்ட்ஸ்" என்று பெயரும் சூட்டினார்கள். அறிவித்த விலை சுமார் 600 டாலர். அன்றைய கணக்கில் 27 ஆயிரம் ரூபாய்!

5500 கார்டு 2000-மாவது ஆண்டு நடுவில் கடைக்கு வந்தது. 6000 வரவே இல்லை. நான்கு சிப்பையும் ஒன்றோடொன்று பேச வைப்பதற்குள் என்ஜினீயர்களுக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. மாதிரிக் கார்டு செய்வார்கள். கொஞ்ச நேரம் ஓடும். பிறகு உறைந்துபோய் நிற்கும். திருத்தி இன்னொன்று செய்வார்கள். அதற்குள் கஜானா காலி.

2000 டிசம்பர் 15-ந்தேதி செய்தி வெடித்தது. 3டிஎப்எக்சின் காப்புரிமைகள், வியாபாரப் பெயர்கள் எல்லாவற்றையும் என்விடியா வாங்குகிறது! விலை 7 கோடி டாலர் ரொக்கம், கூடவே என்விடியா பங்கு 10 லட்சம். இரண்டு வருஷத்துக்கு முன் "எங்கள் காப்புரிமையைத் திருடினாய்" என்று 3டிஎப்எக்ஸ் எந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டதோ, அதே கம்பெனி கையில் போய் விழுந்தது. 2002 அக்டோபரில் 3டிஎப்எக்ஸ் திவால் மனு கொடுத்தது. "சொத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்று கடன்காரர்கள் சார்பில் என்விடியா மேல் வழக்கு. அதுவும் பல வருஷம் இழுத்து, என்விடியாவுக்குச் சாதகமாகவே முடிந்தது.

அந்த என்விடியாதான் 2024-ல் உலகத்திலேயே அதிக மதிப்புள்ள கம்பெனி என்ற இடத்தைத் தொட்டது. வாங்கிய சொத்தில் "எஸ்.எல்.ஐ." என்ற பெயரும் அடக்கம். 2004-ல் அதைத் தூசி தட்டி எடுத்துத் தன் கார்டுகளுக்கே வைத்துக்கொண்டது என்விடியா.

ஜெயித்தது மலிவு, தோற்றது உசத்தி

கம்பெனி கதவு சாத்தியபோது 6000 கார்டின் மாதிரிகள் ஊழியர்கள் கையில் கொஞ்சம், சோதனைக்கூடத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தன. மொத்தம் செய்தது சுமார் 200 இருக்கும், இன்று இருப்பது அதில் பாதிதான் என்பது சேகரிப்போர் போடும் மதிப்பு. அதிலும் ஒழுங்காக ஓடுவது இன்னும் குறைவு.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். அதே காலத்தில் என்விடியாவின் "டி.என்.டி. 2" சிப்பு போட்ட கார்டுகள் உலகம் பூரா லட்சக்கணக்கில் விற்றன. வேகம், வண்ணம் எதிலும் குறைவில்லை. இன்றைக்கு அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போனால் சாப்பாட்டுச் செலவுக்குத் தேறினால் பெரிசு. ஜெயித்த சரக்கு தெருவெல்லாம் கிடைக்கிறது. தோற்ற சரக்குக்குத்தான் லட்சம்.

சேகரிப்போர் உலகத்தில் இது புதிதல்ல. தலைகீழாக அச்சான தபால்தலைக்கு விலை அதிகம் இல்லையா? என்விடியாவின் சொந்த வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அதன் முதல் சிப்பு "என்.வி. 1", 1995-ல் டயமண்ட் கம்பெனியின் "எட்ஜ் 3டி" கார்டில் வந்தது. ஊரெல்லாம் முக்கோணம் என்றால் இது மட்டும் நாற்கோணத்தில் படம் வரையும். மைக்ரோசாப்ட் முக்கோணத்தின் பக்கம் நின்றதும் கதை முடிந்தது. என்விடியாவே இழுத்து மூடும் நிலைக்குப் போய், சேகா கொடுத்த 50 லட்சம் டாலரால் பிழைத்தது. 3டிஎப்எக்சைக் கைவிட்ட அதே சேகாதான்! அந்தத் தோல்விக் கார்டை இன்று வலைவீசித் தேடுகிறார்கள்.

ஆனால் அபூர்வம் என்பதற்காக மட்டும் எல்லாமே விலை போய்விடாது. 1984-ல் ஐ.பி.எம். கம்பெனி "புரொபஷனல் கிராபிக்ஸ் கன்ட்ரோலர்" என்று ஒன்று விற்றது. மூன்று போர்டுகளைத் தோசை மாதிரி அடுக்கிய கார்டு. உள்ளே தனியாக ஒரு 8088 சிப்பு. விலை 4,290 டாலர்!  வாங்கியவர்கள் கட்டிட வரைபடம் போடும் ஆபீஸ்காரர்கள். இதுவும் அபூர்வம்தான். மியூசியம் நடத்துவோர் கைகட்டி மரியாதை செய்வார்கள். ஆனால் வூடூ மாதிரி ராத்திரித் தூக்கம் கெட்டு ஏலம் கேட்க ஆள் இல்லை. அந்தக் கார்டில் எந்தப் பையனும் விடிய விடிய விளையாடவில்லையே!

கிலோ கணக்கில் போன சொத்து

2001 முதல் 10 வருஷம் வூடூ கார்டை ஏறிட்டுப் பார்க்க நாதியில்லை. புது விண்டோசுக்கு ஏற்ற புரோகிராம் எழுதித்தர கம்பெனி இல்லை. ஆபீஸ்களும் வீடுகளும் பழைய கம்ப்யூட்டரைக் கட்டி வெளியே போட்டன. காயலாங்கடைக்காரருக்குக் கார்டும் தெரியாது, வூடூவும் தெரியாது. அவருக்கு எடைதான் கணக்கு. கார்டின் விளிம்பில் மஞ்சளாக மின்னும் பட்டைகளில் துளி தங்கப் பூச்சு உண்டு. அதை நறுக்கி எடுத்து அமிலத்தில் போட்டால் தங்கம் பிரியும். ஒரு கார்டில் தேறும் தங்கம் கண்ணுக்குக்கூடத் தெரியாது. மூட்டை மூட்டையாகப் போட்டால்தான் லாபம். அப்படி மூட்டையில் போன கார்டுகள் எத்தனை, எவை என்று எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை.

மிச்சம் இருப்பவையும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கின்றன. கன்டென்சர் காய்ந்துபோகிறது. ஈயப் பற்று விரிசல் விடுகிறது. விசிறி நின்றது தெரியாமல் ஓட்டினால் சிப்பு வெந்துபோகும். ஆகவே 5500, வூடூ 2 போன்ற சாதாரண ரகங்களுக்கும் இப்போது விலை ஏறிவிட்டது. அட்டைப் பெட்டி, சி.டி., கையேடு மூன்றும் கூட இருந்தால் இன்னும் கிராக்கி. கண்ணை உருட்டிப் பார்க்கும் முகம் அச்சடித்த வூடூ பெட்டிகள் அந்தக் காலத்தில் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும். அட்டைதானே என்று கிழித்துப் போட்டவர்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

3700: இது என்ன ரகசிய எண்?

பணம் புரளும் இடத்தில் பித்தலாட்டமும் புகுமே? 12 லட்சம் ரூபாய் விவகாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது போர்டில் அச்சடித்த எண்ணை. உதாரணமாக "3700" என்று இருந்தால், 2000-மாவது வருஷத்தின் 37-வது வாரத்தில் வரைந்த போர்டு என்று அர்த்தம். அதாவது செப்டம்பர் மாதம். பெரும்பாலான 6000 கார்டுகள் இந்த ரகம்தான். ஒவ்வொரு சிப்பின் மேலும் அதே மாதிரி தேதி எண் உண்டு. போர்டின் தேதியையும் சிப்பின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரேகை பார்க்கும் போலீஸ்காரர் தோற்றார்!

அடுத்து பின்பக்கம். மயிரிழை போன்ற வயர்களைச் சில இடங்களில் பற்றவைத்திருந்தால் சாதாரணமாகச் சந்தேகம் வரும். இங்கே மட்டும் தலைகீழ். கார்டு உறைந்து நிற்கும் வியாதிக்குக் கம்பெனி மூடிய பிறகுதான் வைத்தியம் தெரிந்தது. தெரிந்தவர்கள் சிலர் வயர் பற்றவைத்துக் கார்டுகளைப் பிழைக்க வைத்தார்கள். ஆகவே தகுந்த கை போட்ட ஒட்டு இருந்தால் விலை கூடும். கண்ட கை போட்ட ஒட்டு என்றால் விலை பாதாளம்.

சமீப வருஷங்களில் இன்னொரு கூத்து. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த சிலர் 6000 கார்டின் போர்டைப் புதிதாகவே வரைந்துவிட்டார்கள். போர்டு புதுசு, அதில் வைக்கும் வி.எஸ்.ஏ. 100 சிப்பு மட்டும் பழசு. "இது மறுபிறவி" என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்கிறார்கள். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் சிப்புக்கு எங்கே போவது? புதிதாகச் செய்ய ஆள் கிடையாது. நன்றாக இருக்கும் 5500 கார்டு இரண்டைக் கழற்றினால் ஒரு 6000 தேறும். அல்லது ஒற்றைச் சிப்பு வூடூ 4 நான்கைப் பலி கொடுக்க வேண்டும். "செத்த கார்டிலிருந்து எடுத்தால் சரி, உயிருள்ளதை அறுக்காதே" என்று ஒரு கட்சி. "என் கார்டு, என் இஷ்டம்" என்று இன்னொரு கட்சி. நாளைக்கு இந்த மறுபிறவி நான்கு கை மாறி, அசல் என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தால் என்ன செய்வது என்ற கவலை இரண்டு கட்சிக்கும் உண்டு. அப்போதும் அந்தத் தேதி எண்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

மாட்டினால் புகை!

அசலே கிடைத்தாலும் அவசரப்பட்டு மாட்டிவிடக் கூடாது. வூடூ 3, வூடூ 5 ஏ.ஜி.பி. கார்டுகள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. பின்னால் வந்த மதர்போர்டுகள், உதாரணமாக இன்டெல் 845 சிப்பு வைத்தவை, 1.5 வோல்ட் மட்டுமே தாங்கும். மாற்றி மாட்டி சுவிட்சைப் போட்டால் மதர்போர்டு போச்சு. கார்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

இதனால் வூடூ கார்டு வாங்கியவர் அதோடு நிறுத்த முடிவதில்லை. இன்டெல் "440 பி.எக்ஸ்." மதர்போர்டு ஒன்றைத் தேடுகிறார். பெண்டியம் 3 சிப்பு தேடுகிறார். கனமான பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் தேடுகிறார். தட்டை மானிட்டரில் அந்தக் காலப் படம் மங்கலாகத் தெரியுமாம். சில வருஷம் முன்புவரை குப்பையில் கிடந்த இந்தச் சாமான்களுக்கும் இப்போது விலை ஏறுகிறது. கார்டு தனியாகப் போகவில்லை, சொந்தபந்தங்களையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது.

6000-ஐயும் தூக்கிச் சாப்பிடும் ஒன்று இருக்கிறது. 3டிஎப்எக்ஸ் அடுத்ததாகச் செய்துவந்த "ராம்பேஜ்" என்ற சிப்பு. கம்பெனி மூடும் தறுவாயில்தான் அந்தச் சிப்பு தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்தது. முழுதாகச் சோதித்துப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தச் சிப்பு வைத்த சோதனைப் போர்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வெளியில் உள்ளன. வைத்திருப்பவர்கள் விற்பதாக இல்லை.